பார்க்க வந்தவரும் பார்த்துக்கொள்ள வந்தவரும்
கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு குழந்தையை வரவேற்பது பற்றி

2020 ஜூன் கடைசி வாரம். சென்னையிலும் அதை ஒட்டிய மூன்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. செங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து அம்மா வாடகைக் காரில் கிளம்பி வந்தார். கைப்பேசியில் இருந்த இ-பாஸை, அதாவது மாவட்டம் தாண்டுவதற்கான பயண அனுமதியை, நம்பாமல் அதைத் தாளிலும் அச்சடித்து இடுப்பில் செருகியிருந்தார். காரணம் என்ற இடத்தில் ‘மருத்துவம்’ என்றிருந்தது. தங்கைக்குத் தலைப்பிரசவம். அம்மாவின் வயர்கூடையில் துவைத்துத் துவைத்து நைந்துபோன நான்கு பழைய வேட்டிகள், கொஞ்சம் நாட்டுப்பூண்டு, உரைமருந்துச் சாமான்கள், அவற்றை இழைக்க ஒரு சின்னக் கல். மருத்துவமனை வாசலில் காவலாளி மறித்தார்.

“பார்வையாளர் யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவும்மா.”

“நான் பாக்க வரலப்பா. பாத்துக்க வந்திருக்கேன்.”

காவலாளிக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர் கையில் இருந்த தாளில் ‘பார்வையாளர்’ என்ற ஒரு சொல்தான் இருந்தது. தூக்குப்பாத்திரம் உள்ளே போனது, அம்மா போகவில்லை.

தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை செய்யும் வேலை பெரிது. பார்ப்பது ஒரு நிமிடத்தில் முடியும். பார்த்துக்கொள்வது முடியாது. அதில் இரவு உண்டு, அழுக்குத்துணி உண்டு, பொறுப்பு உண்டு. குழந்தையைப் பார்க்க வருபவர் கையில் பழமும் பிஸ்கட் பாக்கெட்டும் இருக்கும். பார்த்துக்கொள்ள வருபவர் மாற்றுப்புடவையோடு வருவார். நம் வீடுகளில் இந்த இருவரையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. 2020இல் உலகம் முழுவதும் மருத்துவமனை விதிகள் இருவரையும் ஒரே பெயரில் வாசலுக்கு வெளியே நிறுத்தின. கொள்ளைநோய்க் காலப் பிறப்புகளைப் பற்றிப் பேச எத்தனையோ இருந்தாலும், இந்த ஒரு குழப்பத்தைப் பின்தொடர்ந்தால் மற்றவையெல்லாம் விளங்கும் என்பது என் எண்ணம்.

எண்ணிக்கையில் இது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது 2020 மார்ச் 11இல். அன்றிலிருந்து 40 வாரங்களுக்குள் உலகில் 11.6 கோடிக் குழந்தைகள் பிறக்கும் என்று யுனிசெஃப் கணித்தது. அதில் இந்தியாவின் பங்கு மட்டும் 2 கோடிக்குச் சற்று மேல். அறிவிப்பு வந்த நாளில் இவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வயிற்றில் இருந்தார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், தேர்வைத் தள்ளிவைக்கலாம். பேறுகாலத்துக்குத் தள்ளிவைப்பு கிடையாது.

பச்சை உடம்பும் இரண்டாவது பெண்ணும்

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். பிறந்ததைப் ‘பச்சைப்பிள்ளை’, ‘பச்சை மண்ணு’ என்கிறோம். சூளையில் வேகாத பானைக்கும் இதே சொல்தான். கை பட்டாலே வடிவம் மாறிவிடும். ஆனால் கை படாமல் வைத்திருக்கவும் முடியாது. தமிழர் வீடுகளின் பேறுகால வழக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவே செய்துகொண்ட ஏற்பாடுகள்தான்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. அது முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது. பிறந்தபின் பதினாறு நாளோ முப்பது நாளோ தீட்டு. சாதிக்கும் ஊருக்கும் ஏற்ப நாள்கணக்கு மாறும், அமைப்பு மாறாது. ஓர் அறை, அதில் தாயும் பிள்ளையும், கூடவே ஒரு பெண். பெரும்பாலும் தாயின் தாய். மற்ற எல்லோரும் வெளிவட்டம். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வெளியே போய்விட்டு வருபவர் கை கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது. நெருங்கிய உறவானாலும் நாள் கழியாமல் பிள்ளையைத் தூக்க விடமாட்டார்கள்.

2020இல் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தபோது, நம் முன்னோர் அன்றே இதைச் செய்தார்கள் என்று வாட்சப்பில் பெருமை பேசினார்கள். பாதிதான் உண்மை. தீட்டு என்ற கருத்து கிருமியை அறிந்து பிறந்ததன்று. அதன் சுமையும் எல்லோர்மேலும் ஒரேமாதிரி விழவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி பல ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண். தீட்டுத்துணியை வெளுத்துக் கொடுத்தவர் வண்ணார் குடும்பத்துப் பெண். ஒரு வீட்டின் பச்சை உடம்பைக் காப்பாற்றிய கைகளை அந்த வீடே தொடத் தகாதவையாக வைத்திருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை வைக்கும் பழக்கமும் அப்படித்தான். நல்ல குணமுள்ளவர் கையால் சர்க்கரைத்தண்ணீர் தொட்டுவைத்தால் பிள்ளைக்கு அந்தக் குணம் வரும் என்ற நம்பிக்கை அழகானது. ஆனால் முதல் மணிநேரத்தில் சேர வேண்டிய சீம்பாலை அது தள்ளிப்போட்டது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுப்பது, காற்று வராத அறையில் வைப்பது, குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது என்று மருத்துவர்கள் இன்றும் சண்டை போடும் பட்டியல் நீளமானது.

இவற்றையெல்லாம் கழித்தபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. வழக்கம் தாயைத் தனிமைப்படுத்தியது, தனியாக விடவில்லை. உள்வட்டத்தில் அந்த இரண்டாவது பெண் எப்போதும் இருந்தாள். குளிப்பாட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாட்டி மணைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொள்வாள். கால்களுக்கு நடுவே உண்டாகும் பள்ளம்தான் குழந்தைக்குத் தொட்டி. வெந்நீரை முதலில் தன் கணுக்காலில் ஊற்றிப் பார்ப்பாள். பிறகு ஒரு கை சொம்பில், ஒரு கை குழந்தையின் நெற்றியில் அணைபோல் நிற்க, தண்ணீர் கண்ணில் வழியாமல் பின்னால் ஓடும். துவட்டி, சாம்பிராணிப் புகை தூரத்தில் காட்டி, பழைய வேட்டியில் சுற்றினால் பிள்ளை இரண்டு மணிநேரம் தூங்கும். அந்த இரண்டு மணிநேரம்தான் தாயின் தூக்கம். முதல் வாரம் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது வாரம் மகள் காலை நீட்டுவாள், பாட்டி பக்கத்தில் நின்று சொல்வாள். எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரு படிப்பு இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறியது.

வீட்டிலிருந்து வார்டுக்கு

இந்த அறை மெல்ல மெல்ல மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. ஆனாலும் வீட்டுப் பிரசவமே விதி, மருத்துவமனை விலக்கு என்ற நிலை அதன்பின்னும் நெடுங்காலம் நீடித்தது. இன்று கதை தலைகீழ். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு அரசு நிலையங்களில். உலகின் வசதியான நாடுகளோடு ஒப்பிடத்தக்க இந்தச் சாதனைக்குப் பின்னால் கிராம சுகாதாரச் செவிலியர்களின் நடையும், 24 மணிநேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 ஆம்புலன்ஸும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் இருக்கின்றன.

அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. வயிற்றில் தையலோடு கிடப்பவளால் முதல் நாளில் தானாகப் புரண்டு படுக்க முடியாது. அழும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்க முடியாது. பால் கொடுக்க உட்கார வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு கை வேண்டும். பிரசவம் வார்டுக்குப் போனதால் இரண்டாவது பெண்ணின் தேவை குறைந்துவிடவில்லை. அறுவைச் சிகிச்சை பெருகப் பெருக அது கூடியது.

வார்டுகளுக்கு இது தெரியும். எந்த அரசு மகப்பேறு வார்டிலும் ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே ஒரு பாய் சுருட்டி வைத்திருக்கும். அது உடனிருப்பவளுடையது. வெந்நீர் வாங்கி வருவதும், சிறுநீர்ப் பை நிறைந்தால் செவிலியரைக் கூப்பிடுவதும், குழந்தையை முதன்முதலாக மார்பில் பொருத்திவிடுவதும் அவள்தான். ஊதியப் பட்டியலில் பெயர் இல்லாத ஊழியர் அவள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு மூன்று செவிலியர் என்ற ஏற்பாடு குலையாமல் ஓடுவதே அவள் தோளில்தான்.

மருத்துவ அறிவியலும் அவள் பக்கம் பேசுகிறது. பிரசவ வலியின்போது ஒருவர் தொடர்ந்து உடனிருப்பதால் என்ன பயன் என்று 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு வெளியானது. துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் குறைந்தது, சுகப்பிரசவம் கூடியது, அறுவைச் சிகிச்சை குறைந்தது. பிரசவ அறையில் துணை இருக்கலாம் என்று இந்திய அரசு 2016இல் வழிகாட்டியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு பெண்துணையை அனுமதிக்கத் தொடங்கிவிட்டன. அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெறுபவர்களுக்காக 2015இல் அறிமுகமான குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் கிலுகிலுப்பை, கொசுவலை, சௌபாக்கிய சுண்டி லேகியம் ஆகியவற்றோடு கை கழுவும் திரவமும் இருந்தது. குழந்தையைத் தொடும் கைகள் பல என்பதையும், அவை சுத்தமாக இருந்தால் போதும் என்பதையும் அந்தப் பெட்டி அறிந்திருந்தது. பிறகு கொரோனா வந்தது.

பிரித்து வைப்பதா, சேர்த்து வைப்பதா

பேறுகாலத்தில் தொற்று என்றால் மருத்துவ உலகம் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 1918 இன்ஃபுளுயென்சாவின்போது கர்ப்பிணிகள் 1,350 பேரின் நிலையை ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் தொகுத்து 1919இல் வெளியிட்டார். நான்கில் ஒருவருக்கும் மேல், அதாவது 27 விழுக்காட்டினர், இறந்திருந்தனர். இந்தியாவில் அந்தக் காய்ச்சல் ஆண்களைவிடப் பெண்களைக் கூடுதலாகக் கொண்டுபோனது. வீட்டில் படுத்தவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

அதனால் 2020இன் முதல் மாதங்களில் எழுந்த பதற்றத்தை நையாண்டி செய்வது நியாயமாகாது. தெரியாத கிருமி. சீனாவில் தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையை 14 நாள் பிரித்து வைத்தார்கள். தற்காலிகமாகப் பிரிப்பதே பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஏப்ரலில் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே வேறு பாதையில் போனது. தாய் முகக்கவசம் அணியட்டும், கையைக் கழுவட்டும், குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டு பாலும் கொடுக்கட்டும் என்றது. பிரிப்பதால் வரும் கேடு உறுதி. சேர்ப்பதால் வரும் கேடு ஊகம். அந்த நிறுவனத்தின் தராசு இப்படிச் சாய்ந்தது.

ஊகத்தைச் சோதித்தவர்களில் நியூயார்க் நகர மருத்துவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2020 மார்ச் 22 முதல் மே 17 வரை மூன்று மருத்துவமனைகளில் 1,481 பிரசவங்கள். 116 தாய்மாருக்குத் தொற்று. அவர்களுக்குப் பிறந்த 120 குழந்தைகளை முதல் நாளிலேயே சோதித்தார்கள். ஒன்றுக்கும் தொற்று இல்லை. தொடர்ந்து கண்காணிக்க முடிந்த 82 குழந்தைகளில் 68 தாயின் அறையிலேயே இருந்தன. பெரும்பாலானவை தாய்ப்பால் குடித்தன. ஒரு வாரத்திலும் இரு வாரத்திலும் மறுபடி சோதித்தபோதும் தொற்று இல்லை. லான்செட் குழுமத்தின் குழந்தை மருத்துவ இதழில் ஜூலையில் இது வெளியானது. அதே ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது.

அதே நகரத்தில் இன்னொரு பிரிவினையும் நடந்தது. மார்ச் பிற்பகுதியில் நியூயார்க்கின் பெரிய மருத்துவமனைகள் சில, பிரசவ அறைக்குள் கணவர் உட்பட ஒரு துணையும் வரக் கூடாது என்று விதித்தன. பெண்கள் கொதித்தெழுந்தார்கள். பிரசவம் பார்க்கும் எல்லா மருத்துவமனைகளும் ஒரு துணையை அனுமதித்தே தீர வேண்டும் என்று மார்ச் 28இல் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ ஆணையிட வேண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் தொற்று உள்ளவர் இல்லாதவர் எல்லோருக்கும் விரும்பிய துணையை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்றது. செங்கத்துக் கிராமத்துப் பெண் வாசலில் நின்று சொன்னதை ஜெனீவாவும் சொல்லியிருந்தது. சொன்னது வாசல்வரை வந்து சேரவில்லை.

இ-பாஸ் காலத்துப் பேறுகாலம்

இந்தியாவில் 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியபோது தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் பலர் வளைகாப்புக்கும் பேறுகாலத்துக்கும் நடுவே இருந்தார்கள். தாய்வீட்டுக்குப் போகும் வழக்கமே ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பயணம்தான். அந்த எல்லைகள்தான் அடைபட்டன. போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். சேராதவர்களுக்கு இ-பாஸ் வரிசை. அதற்கான காரணப் பட்டியலில் மரணம், திருமணம், மருத்துவம் இருந்தன. பிரசவத்துக்குப் போகும் பெண் மருத்துவத்தில் அடங்கினாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போகும் தாய் எதில் அடங்குவாள் என்பது விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் அதிகாரியின் மனதைப் பொறுத்தது.

நோய்க்கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இருக்கும் கர்ப்பிணிகளுக்குப் பேறுகாலம் நெருங்கினால் அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரலில் சொன்னது. பரிசோதனை இல்லை என்று அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. முதல் பாதி எல்லோர் காதிலும் விழுந்தது. முடிவு கையில் வராமல் சேர்க்கத் தயங்கிய சிறு மருத்துவமனைகளைப் பற்றி அந்த மாதங்களில் கதை சொல்லாத தெரு இல்லை. இடைவெளியை நிரப்பியவை அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான். பேறுகாலத் தேதி வரிசையில் பெயர் எழுதிவைத்த கிராம சுகாதாரச் செவிலியரின் நோட்டு அந்த நாள்களில் எந்தச் செயலியைவிடவும் பயன்பட்டது.

சடங்குகள் என்ன ஆயின? அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு கூட்டம் கூடும் நிகழ்ச்சி என்பதால் நின்றது. வீட்டு வளைகாப்பில் நூறு பேருக்குப் பதில் ஏழு பேர். வெளியூர் அத்தை வாட்சப் வீடியோவில் வந்து, வளையலை யாராவது எனக்காகப் போட்டுவிடுங்கள் என்றார். புளிசாதம், எலுமிச்சைசாதம், தயிர்சாதம் எல்லாம் சின்னக் கிண்ணங்களில். முப்பதாம் நாள் பெயர்வைப்பில் பெயரைக் காதில் சொல்ல அத்தை இல்லாததால் கைப்பேசியைக் குழந்தையின் காதோரம் பிடித்த வீடுகள் உண்டு. தாய்மாமன் மடி கிடைக்காமல் மொட்டையும் காதுகுத்தும் ஓராண்டு, ஈராண்டு தள்ளிப்போயின. குலதெய்வம் காத்திருந்தது. பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் சட்டம் அவகாசம் தருகிறது. பிறப்பைப் பதிய 21 நாள்தான், பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமும் கிடையாது.

இங்கேதான் எது அலங்காரம், எது தூண் என்பது பிரிந்து தெரிந்தது. மண்டபம் போனது, பந்தி போனது, தட்டுவரிசை போனது. பல இளம் தாய்மார்கள் இதில் நிம்மதி அடைந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தையல் ஆறாத வயிற்றோடு தினமும் இருபது பேருக்குப் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, யார் ஜாடை என்ற விசாரணைக்கும் நிறம் பற்றிய தீர்ப்புக்கும் ஈடுகொடுக்கும் வேலை அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. பார்க்க வருபவர்கள் வராததில் நட்டம் குறைவு. பார்த்துக்கொள்பவர் வர முடியாமல் போன வீடுகள்தான் ஆட்டம் கண்டன.

அந்த வீடுகளில் சிலவற்றில் எதிர்பாராத ஒரு மாற்றம் நடந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்த, அல்லது வேலையே இல்லாமல் வீட்டிலிருந்த தகப்பன், இரண்டாவது பெண்ணின் இடத்துக்கு வந்தான். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியாரில் வேலை பார்ப்பவருக்குச் சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை. சட்டம் தராத நாள்களை ஊரடங்கு தந்தது. மாமியார் வீடியோவில் சொல்லச் சொல்லக் காலை நீட்டிக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்ட ஆண்கள் அந்தத் தலைமுறையில்தான் முதலில் தோன்றினார்கள். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அந்த வேலைக்குப் பெண்கை என்று ஒரு தனிக்கை தேவையில்லை என்று நிரூபிக்க அது போதும்.

2021இல் இரண்டாம் அலை வந்தபோது பேச்சு சடங்கைத் தாண்டி உயிருக்குப் போனது. தொற்றுக்குள்ளான கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களுமாக 1,530 பேரின் பதிவுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்பிட்டது. அறிகுறியோடு நோயுற்றவர் முதல் அலையில் 14.2 விழுக்காடு, இரண்டாம் அலையில் 28.7 விழுக்காடு. இறப்பு 0.7 விழுக்காட்டிலிருந்து 5.7 ஆகியிருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போடலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2021 ஜூலை 2இல்தான் அனுமதித்தது. அதற்குள் அலையின் உச்சம் கடந்துபோயிருந்தது. தடுப்பூசி தாயை மட்டும் காப்பதன்று. அவள் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகின்றன. கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட தாய்மாரின் கைக்குழந்தைகள் முதல் ஆறு மாதத்தில் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்ததாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2022 பிப்ரவரியில் அறிவித்தது.

கையசைக்கக் கற்காத குழந்தைகள்

கூட்டம் வராததில் தாய்க்கு நட்டம் குறைவு என்றேன். குழந்தைக்கு? அயர்லாந்தில் முதல் ஊரடங்கின் மூன்று மாதங்களில், 2020 மார்ச் முதல் மே வரை பிறந்த 309 குழந்தைகளை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். முதல் பிறந்தநாள் வந்தபோது நான்கில் ஒரு குழந்தை தன் வயதொத்த இன்னொரு குழந்தையைச் சந்தித்ததே இல்லை. பத்தாண்டு முன்பு பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, ஒரு வயதில் பொருளோடு ஒரு சொல்லாவது சொன்னவர்கள் 89 விழுக்காட்டிலிருந்து 77 ஆகக் குறைந்திருந்தார்கள். விரல்நீட்டிக் காட்டுவது 93இலிருந்து 84. கையசைத்து டாட்டா காட்டுவது 94இலிருந்து 88.

கடைசி எண்ணை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். டாட்டா காட்ட யாராவது கிளம்ப வேண்டும். கிளம்ப வேண்டுமென்றால் முதலில் வந்திருக்க வேண்டும். யாருமே வராத வீட்டில் யாரும் போவதும் இல்லை. மூளையில் குறை ஏதும் இல்லாத பிள்ளை, வாய்ப்பு இல்லாததால் ஒரு பாடத்தைத் தவறவிட்டிருக்கிறது. அதே பிள்ளைகள் தவழ்வதில் முந்தியிருந்தார்கள். வெளியே தூக்கிப்போக ஆளில்லாமல் தரையில் அதிக நேரம் இருந்ததால் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நியூயார்க்கில் அந்த ஆண்டு பிறந்த 255 குழந்தைகளை ஆறாம் மாதத்தில் மதிப்பிட்டவர்களும், அசைவுத் திறனிலும் பழகும் திறனிலும் சிறு பின்னடைவைக் கண்டார்கள். தாய்க்குத் தொற்று வந்ததா இல்லையா என்பதால் அதில் வேறுபாடு இல்லை. ஆக, வித்தியாசத்தை உண்டாக்கியது கிருமியைவிட அந்தக் காலம் என்றே கொள்ள வேண்டும். இரண்டு ஆய்வுகளும் பெற்றோர் தந்த விடைகளை நம்பி நிற்பவை, வேறுபாடுகளும் சிறியவை, பிள்ளைகள் ஈடுகட்டிவிடக்கூடியவை. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர் வெளிவட்டத்தைப் பற்றி அவை எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தன.

பதினாறாம் நாளுக்கோ முப்பதாம் நாளுக்கோ பிறகுதான் நம் வழக்கம் வெளிவட்டத்தை உள்ளே விட்டது. முதலில் ஒருத்தி, பிறகு நெருங்கிய சிலர், மாதங்கள் கழிந்தபின் கோயில், கூட்டம், ஊர். குழந்தையை உலகத்துக்கு அது தவணை தவணையாகத்தான் அறிமுகப்படுத்தியது. பார்க்க வருபவருக்கும் அதில் ஒரு நாள் குறித்து வைத்திருந்தது. கொள்ளைநோய் விதிகளுக்கு இந்த வரிசை தெரியவில்லை. கதவு திறந்திருக்கும், இல்லாவிட்டால் மூடியிருக்கும் என்ற இரண்டு நிலைகள்தான் அவற்றுக்குத் தெரிந்தன.

ஒரு காலிக் கட்டம்

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் மருத்துவமனைகள் மறுபடி வாசலை மூடும், மூடத்தான் வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டிய விதித்தாளை இப்போதே எழுதிவிடலாம். பிரசவத்துக்கு வரும் ஒவ்வொருத்தியோடும் ஒருவர், ஆணோ பெண்ணோ, பெயர் எழுதி உள்ளே வருவார். அவருக்கும் தாய்க்குச் செய்யும் அதே பரிசோதனை, அதே முகக்கவசம், அதே சாப்பாடு. வந்தவர் வீடு திரும்பும்வரை மாறமாட்டார். பயண அனுமதிப் படிவத்தில் ‘பேறுகால உடனிருப்பு’ என்று தனியாக ஒரு காரணம் இருக்கும். வெளியில் இருந்து யாரும் வர வழியில்லாத பெண்ணுக்குச் சுகாதாரத் துறை ஓர் ஆளைத் தரும். இதற்குப் பெரிய செலவில்லை. உடனிருப்பவரைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக எண்ணும் மனம் வேண்டும், அவ்வளவுதான்.

தங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள் தனியே கிடந்தாள். செவிலியர்கள் நல்லவர்கள், எண்ணிக்கையில் போதாதவர்கள். முதல் இரவு குழந்தை அழுதபோது எழுந்திருக்க முடியாமல், எட்டிய கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே விடியவைத்ததாகப் பிறகு சொன்னாள். அம்மா எதிர்ச்சாரியில் இருந்த எங்கள் உறவினர் வீட்டு மாடியில் நின்று அந்த ஜன்னல் எது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் வாசலில் பிள்ளையைக் கைமாற்றினார்கள். அதற்கு முன் அம்மா, காலால் மிதித்தால் சோப்புத்தண்ணீர் வரும் அந்தக் குழாயில் முழங்கைவரை கழுவிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. பச்சைப்பிள்ளையைத் தொடுமுன் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

வீட்டுக்கு வந்தபின் மருத்துவமனைக் கோப்பைப் புரட்டினேன். சேர்க்கைப் படிவத்தின் அடியில் ‘உடனிருப்பவர் பெயர்’ என்று ஒரு கட்டம் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. அதில் யாரோ பேனாவால் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டிருந்தார்கள்.